படிக்கட்டில் உட்கார்ந்த ரசிகன்

நான் பார்த்தால் இந்தியக் கால்பந்து அணி தோற்றுவிடும் என்று பல ஆண்டுகளாக எல்லோரையும் நம்பவைத்தவன் நான். அது பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, அந்த அணியை என்னைவிடப் பல மடங்கு நேசித்த ஒருவனை டிவி முன்னாலிருந்து எழுப்பி வெளியே அனுப்பினேன். அவன் இன்றுவரை திரும்ப உள்ளே போகவில்லை.

இதுதான் என் குற்றம். இதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்... நானும் ஒரு சிரிப்பில்தான் இதைத் தொடங்கினேன்.

இன்னொன்றும் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். “இந்தியாவுக்கு ஃபுட்பால் டீம் இருக்கா?” அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள், தாம்பரத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் கேட்டிருக்கிறார்கள், என் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் இலை போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது ஐயா! இருந்தது என் வாழ்க்கையிலும்.

நசீருக்கு அது இன்னும் இருக்கிறது. குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை அவனுடையது. பள்ளியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. கடைக்கு மேலே ரெக்சின் சுருள்கள் அடுக்கிய ஓர் அறை உண்டு. இந்தியா ஆடும் நாளில் சுருள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, டிவியின் தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பான். தேசிய கீதம் தொடங்கும்போது கீழே தையல் மெஷின் நின்றுவிடும்.

எங்கள் கூட்டம் சிறியது. வங்கிக்காரர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் வரும் வினோத் என்ற ஐடி பையன், இன்னும் இரண்டொருவர். ஒருமுறை நசீரும் நானும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் மைதானத்திலேயே பார்த்தோம். கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தை, ஏதோ கோப்பையை வென்றுவிட்டதைப் போல, திரும்பி வரும் வழியெல்லாம் பேசித் தீர்த்தான். நானும் பேசினேன். அப்போது எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது, சத்தியமாக.

சின்ன அணியைப் பின்தொடர்பவர்களிடம் ராசி பார்க்கும் பழக்கம் அதிகம். எங்களால் வேறு என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்! வினோத் தன் நீல ஜெர்சியைத் துவைக்க மாட்டான். கோல் விழுந்த நேரத்தில் யார் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். வங்கிக்காரர் ஒருமுறை ஒரு காலை மடித்துவைத்து, மறுகாலைத் தொங்கவிட்டபடியே பாதி ஆட்டத்தைப் பார்த்து, முடிந்தபின் எழுந்து நிற்க முடியாமல் திண்டாடினார்.

பிறகு எனக்கு என்ன ஆயிற்று? ஏன் விட்டுப்போயிற்று?

தோல்விதான் காரணம் என்று சொல்லிவிடலாம். பெயரே கேள்விப்படாத நாடுகளிடம் தோற்றோம். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். சனி ஞாயிறுகளில் ஐரோப்பிய கிளப் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் பிள்ளைகளின் ஆட்டம் ஈரத்துணியோடு ஓடுவதைப் போலத் தெரிந்தது. எல்லா ரசிகர்களும் சொல்லும் காரணங்கள்தாம் இவை. பொய்யில்லை. ஆனால் நசீரும் இதையெல்லாம்தானே பார்த்தான்?

என் காரணம் கேவலமானது. ஒரு தோல்விக்கு மறுநாள் காலை, ரயிலில் உடன் வரும் அலுவலகத் தோழர் ஒருவர், “என்ன சார், உங்க டீம் நேத்து ஊத்திக்கிச்சாமே?” என்றார். பெட்டியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

உங்க டீம்! கிரிக்கெட் என்றால் இதே மனிதர் ‘நாம ஜெயிச்சோம்’ என்பார். இது மட்டும் என் டீமாம்.

“நான் இப்பல்லாம் பாக்கறதில்ல சார்” என்றேன். முந்தின நாள் மாலை தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தேன். அந்தக் கட்டிய குரலிலேயே அதைச் சொன்னேன். சொன்னதும் அப்படியொரு நிம்மதி... பல்லாவரம் வருவதற்குள் அந்த அணி என்னை விட்டு இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஆசை வைத்திருப்பதை நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சம்தான். வேறொன்றும் இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. அலுவலகத்தில் வேலை என்று நசீரிடம் சொன்னேன். அன்று பார்த்து இந்தியா கடைசி நேரத்தில் கோல் போட்டு ஜெயித்தது. வினோத் போனில் கத்தினான்: “அண்ணா, நீங்க வராததாலதான் ஜெயிச்சோம்! நீங்க வராதீங்கண்ணா!”

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை மாடி வாசலிலேயே நின்றுவிட்டேன். “நான் உள்ள வரல மச்சான். யோசிச்சுப் பாத்தேன். நான் பாத்தா தோத்துடறோம். நான் இங்கயே படியில உக்காந்துக்கறேன்.”

நசீர் என்னை என்ன செய்தான் தெரியுமா? கட்டிக்கொண்டான்! “டேய், இந்த மனசு யாருக்குடா வரும்?” என்றான். அவன் சட்டையில் ரெக்சின் வாடை அடித்தது. அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

அதன்பின் நான் தியாகி ஆகிவிட்டேன். உள்ளே அவர்கள் கத்திக்கொண்டிருக்க, நான் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் ஐரோப்பிய கிளப் ஆட்டத்தின் துண்டுகளைப் பார்ப்பேன், சத்தத்தை அணைத்துவிட்டு. இடைவேளையில் எனக்கென்று தனியாக டீ வரும். மருந்துக்கடைக்காரர் தம் மகனிடம் என்னைக் காட்டி, “இந்த அங்கிள் நாட்டுக்காக மேட்சே பாக்க மாட்டாரு” என்று அறிமுகப்படுத்தினார். போனைத் தொடையடியில் மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. ஆனால் பாராட்டும் நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்!

இனிதான் நான் சொல்ல வந்தது.

ஒரு தகுதிச் சுற்று ஆட்டம். தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலை. இடைவேளையில் இந்தியா ஒரு கோல் பின்தங்கி இருந்தது. டீ குடிக்க எல்லோரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். முகங்களில் ஈயாடவில்லை.

வினோத்துக்குத்தான் முதலில் பொறி தட்டியது. “பிரபு அண்ணாதான் வெளிய இருக்காரே... அப்புறம் எப்படி தோத்துக்கினு இருக்கோம்?”

வங்கிக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். “ஒருவேளை ராசி மாறியிருக்குமோ? நீங்க உள்ள வந்து உக்காந்து பாருங்களேன் சார்.”

உள்ளே போனால் மீதிப் பாதி ஆட்டம் முழுவதும் அவர்களோடு உட்கார வேண்டும். கத்த வேண்டும், தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். நசீர் என் பக்கத்தில் உட்காருவான். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான், சின்ன வயதிலிருந்து பார்க்கும் முகமாயிற்றே! தப்பிக்க வழி தேடினேன். வாயில் வந்தது இது:

“நான் இல்லப்பா. நசீரைக் கேளுங்க. போன மேட்ச்ல நம்ம ரெண்டு கோலும் இவன் இஷா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தப்பதானே விழுந்துச்சு? இவன் உக்காந்து பாத்தா இந்தியாவுக்கு எங்க கோல் வரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். பலமாகவே சிரித்தார்கள். “அட ஆமா!” என்றான் வினோத்.

நசீரும் சிரித்தான். ஒரு கணம் தாமதமாகச் சிரித்தான். அந்தத் தாமதத்தை நான் அன்று கவனித்தேனா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை... கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“சரிடா, நானும் வெளியவே இருக்கேன்” என்று சொல்லி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். மற்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்றுதான் ஒரு ரசிகனை மிக அருகில் பார்த்தேன். அவன் காதைச் சுவரில் வைத்துக்கொண்டான். வர்ணனையாளரின் குரல் ஏறும்போது அவன் முழங்கால் துடித்தது. “யாருகிட்டடா பந்து?” என்று என்னைக் கேட்டான். இத்தனை காலம் இந்தப் படியிலேயே கேட்டுப் பழகியவனாயிற்றே, எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பான்! ஆட்டக்காரர்களின் பெயர்கள்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. “நம்மகிட்டதான்” என்றேன்.

கோல் விழுந்தது. பிறகு இன்னொன்று! கதவு திறந்து வினோத் பாய்ந்து வந்து நசீரின் கன்னத்தில் முத்தமிட்டான். “பாய், நீங்க வெளியவே இருங்க! உள்ள வந்துடாதீங்க!”

நசீர் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “பாத்தியாடா? நீ சொன்னது கரெக்ட்டுடா!”

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தியா ஜெயித்த ஆட்டத்தில் ஒரு கோலைக்கூட அவன் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவன் பார்ப்பதில்லை. முதலில் எல்லோரும் கேலி செய்தோம். பிறகு அது பழகிவிட்டது. அந்த அறையைத் திறந்துவிடுவான், நாற்காலி போடுவான், டிவியைத் துடைப்பான், ஆட்டம் தொடங்கியதும் படிக்கு வந்துவிடுவான்.

சென்ற ஆண்டு அவன் மகள் சாஜிதாவைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்த்தேன். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். நடைமேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, “அங்கிள், அத்தா வீட்ல கூட மேட்ச் போட விடறதில்ல. நாங்க போட்டா எழுந்து தெருவுக்குப் போயிடறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்” என்றாள்.

“ராசி கீசின்னு நாங்க சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க அங்கிள். ‘உங்களைப் பாத்து அப்படிச் சொன்னாங்களே, உங்களுக்கு ஒண்ணும் தோணலயா’ன்னு கேட்டாங்க. அதுக்கு அத்தா சொன்னாரு, ‘வேற எவனாவது சொல்லியிருந்தா அதுக்கு அர்த்தமே வேற. சட்டையப் பிடிச்சிருப்பேன். பிரபு சொன்னான். அவனுக்கும் இதே ராசிதான், அவனும் வெளியதான் உக்காந்திருக்கான். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு’ன்னு.”

ரயில் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். நான் ஏறவில்லை.

நீ பார்த்தால் இந்தியா தோற்கும்... நசீரைப் பார்த்து நான் சொன்னது இதைத்தானே? அதுவும் அவன் தொழப் போவதைச் சேர்த்து! அந்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை என்று உங்களிடம் சத்தியம் செய்வேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன்? கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். கையில் ஏன் அது கிடைத்தது? மற்றவர்கள் ஏன் அவ்வளவு சுலபமாகச் சிரித்தார்கள்? இந்தக் கேள்விகளை நான் அன்று கேட்டுக்கொள்ளவே இல்லை. நசீரின் மனைவிக்கு ஒரே நொடியில் கேட்கத் தோன்றியிருக்கிறது.

போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மறுவாரமே ஓர் ஆட்டம் இருந்தது. வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். குரோம்பேட்டையில் இறங்கும்போதுதான் உறைத்தது. என் ராசி பொய் என்று சொன்னால் என்ன ஆகும்? நாங்கள் இரண்டு பேரும் ஒன்று என்பது போய்விடும். படிக்கட்டில் அவன் ஒருவன்தான் மிஞ்சுவான். அப்புறம் நான் சொன்னதற்கு அந்த வேறு அர்த்தம் மட்டும்தான் இருக்கும். என் பொய்யின் மீது நின்றுதான் அவன் என்னை மன்னித்திருக்கிறான்... அதை எப்படி உருவுவேன்?

உண்மையாகவே இது அவனுக்காகத்தானா, இதுவும் நான் தப்பிக்கக் கண்டுபிடித்த வழியா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் என் மீது கருணை காட்ட வேண்டாம்.

கடைக்குப் போனேன். மாடிக்கு யாருமே வரவில்லை. வினோத் வேலை மாறி ஊரைவிட்டுப் போய்விட்டான், மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆனாலும் நாற்காலிகள் போட்டிருந்தன, டிவி ஓடிக்கொண்டிருந்தது. நசீர் படியில் உட்கார்ந்திருந்தான்.

“உள்ள ஆளே இல்லயேடா. அப்புறம் எதுக்கு போட்டு வச்சிருக்க?” என்றேன்.

“யாராவது ஒருத்தன் வருவான்டா. வர்றப்ப ஓடிக்கிட்டு இருக்கணும்ல” என்று சொல்லி எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

நான் உட்கார்ந்தேன். போனை வெளியே எடுக்கவில்லை. காலி அறைக்குள்ளிருந்து வர்ணனை வந்துகொண்டிருந்தது. திடீரென்று கூட்டத்தின் இரைச்சல்! வர்ணனையாளர் அலறினார், என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. நசீர் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“கோல்டா... நம்மதா, அவங்களதா?”

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அது நம்முடையதாக இருக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்து எட்டிப் பார்த்தால் போதும்.

நான் எழுந்திருக்கவில்லை. நான் பார்த்தால்தான் நாம் தோற்றுவிடுவோமே! அவனோடு சேர்ந்து சுவரில் காதை வைத்துக்கொண்டேன்.