கேசட்டில் மருமகள் பேசியது

எண்பதுகளில், பாப்பிரெட்டிப்பட்டியில், எங்கள் எதிர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். ஒல்லியான உடம்பு. பேசும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். கணவன் சவுதியில் வேலை பார்த்தான்.

மாதம் ஒரு கேசட்டில் குடும்பமே பேசி அவனுக்கு அனுப்பும். குடும்பம் என்றால் மாமனார். புளி விலையில் தொடங்கி, கல்யாணப் பந்தியில் தன் இலைக்குக் கறி குறைந்தது வரை அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஓடிவிடும். கடைசியில், "நீயும் ரெண்டு வார்த்த பேசும்மா" என்பார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்க, "நல்லாருக்கேங்க" என்பாள். டேப் நின்றுவிடும்.

ஒரு நாள், துணியில் வைத்துப் பார்சல் தைக்கச் சொல்லி மாமனார் கொடுத்த கேசட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, உங்க டேப்ல கொஞ்சம் பேசிக்கட்டுங்களா?"

"உங்க மாமனார் பேசுனது அழிஞ்சிருமேம்மா?"

"ஒரு பக்கந்தாங்க்கா. அந்தப் புளி வெலய அவரு போன மாசமே சொல்லிட்டாரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து, அழுது சிவந்த கண்ணும் அடக்க முடியாத சிரிப்புமாக வெளியே வந்தாள்.

பதில் கேசட் வந்த அன்று, மாட்டிக்கொள்வாளோ என்று நான் வாசலிலேயே நின்றேன். மாமனாரோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"'அத்தா, இந்தத் தடவ மாதிரி நீங்க பேசுனதே இல்ல, தெனமும் போட்டுக் கேக்கறேன்'னு எம் மவன் சொல்றான்! இனிமே இன்னும் நெறைய பேசணும்."

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகம் ஈரப் புடவைக்குப் பின்னால் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் என்னதான் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.