புரட்டக் கூடாத மீன்

போன வாரம் மாப்பிள்ளை எங்களைக் கிள்ளானில் ஒரு பேரங்காடிக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். ஏர்கோன் போட்ட சீன உணவகம். ஆவியில் வெந்த முழு வவ்வால் மீன் வந்தது. தட்டு மேசைக்கு வருமுன்னே இஞ்சி வாசனை வந்துவிட்டது. ஒரு பக்கத்துச் சதை தீர்ந்ததும் மாப்பிள்ளை கரண்டியை மீனுக்கு அடியில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. நடு முள்ள எடுத்துட்டு அப்படியே சாப்பிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிடி தளரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் தேநீரை ஊற்றிக்கொண்டேன். அவளுக்குச் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவருக்கு ரயில் பட்டறையில் வேலை, எனக்கு ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. கல்யாணமான புதுசு. ஞாயிறு வந்தால் மோட்டார் சைக்கிளை உதைத்துவிடுவார். கோயிலுக்கு என்று மாமியாரிடம் சொல்வோம். கோயிலுக்கும் போவோம், பொய் இல்லை! அதற்கப்புறம் பந்திங், தெலுக் பங்லிமா காராங் என்று சீனர் கடைகளைத் தேடிச் சுற்றுவோம். எங்கே லோரிகள் வரிசையாக நிற்குமோ அங்கேதான் நிறுத்துவார். எனக்கோ சாப்ஸ்டிக்கைப் பிடிக்கவே வராது. நூடுல்ஸ் வாய்க்குப் போகிறதைவிட மடியில் விழுவதுதான் அதிகம். "உன் சேலைக்கும் ஒரு பிளேட் சொல்லட்டுமா?" என்று கேட்பார் அந்த மனிதர்.

பந்திங் சந்தையில் ஒரு கிழவர் அப்பம் பாலிக் போடுவார். நம் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். மொறுமொறுவென்று வெந்ததும் வேர்க்கடலையும் சீனியும் தூவி ஒரு பாதியை மறுபாதிமேல் புரட்டிப் போடுவார். மலாயில் பாலிக் என்றால் புரட்டுவது. வீட்டுக்குத் திரும்புவதற்கும் அதே பாலிக்தான். "அப்பமும் பாலிக், நாமளும் பாலிக்" என்று சொல்லித்தான் இவர் வண்டியைக் கிளப்புவார். ஒவ்வொரு ஞாயிறும் அதே ஜோக். நானும் ஒவ்வொரு ஞாயிறும் சிரித்தேன், என்ன செய்ய?

மீன் என்றால் கிள்ளானைத் தாண்டி, படகுத்துறை ஓரத்தில் தகரம் போட்ட ஒரு கடை. கடைக்காரம்மாவை எல்லோரும் ஆசோ என்பார்கள். சீனத்தில் அண்ணி என்று அர்த்தமாம். அவள் வீட்டுக்காரர் படகு வைத்திருந்தார். அவர் பிடித்து வருவதை அவள் சமைப்பாள். அவரை அங்கிள் என்போம். அங்கிளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'மச்சா'. இவரைக் கண்டால் தூரத்திலிருந்தே கத்துவார். நாங்கள் கொண்டுபோகும் முறுக்கைக் கண்டால் இன்னும் சத்தமாகக் கத்துவார்.

அந்த ஞாயிறு போனபோது துறையே அமைதியாக இருந்தது. நல்ல மத்தியானம், ஆனால் கடலுக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. ஆண்கள் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைகள் காலி. "வாங்க, வேற எடத்துக்குப் போயிடலாம்" என்றேன். "பசிக்குது லா" என்று உட்கார்ந்துவிட்டார்.

"அங்கிள் எங்க ஆசோ?" என்று மலாயில் கேட்டார்.

"பெலும் பாலிக்" என்றாள். இன்னும் திரும்பவில்லை. முந்தின நாளே வந்திருக்க வேண்டிய படகு. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மரத்தடிச் சாமிக்கு ஊதுவத்தி கட்டுக்கட்டாகப் புகைந்துகொண்டிருந்தது.

மீன் வந்தது. இவர் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மீனைப் புரட்டக் கரண்டியைக் கொடுத்தார்.

"ஜாங்கான் பாலிக்!" ஆசோ அடுப்படியிலிருந்து அலறினாள். ஜாங்கான் என்றால் வேண்டாம்.

எப்போதும் மழை வரும்போல் இருந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள் என்று அவள் எங்களைத் தடுப்பது வழக்கம். இவர் அதைத்தான் நினைத்துக்கொண்டார். "இல்ல ஆசோ, மழ விட்டுத்தான் போவோம்" என்று மலாயில் நிம்மதியாகப் பதில் சொல்லிக்கொண்டே மீனைப் புரட்டிப் போட்டார்.

அவள் ஓடி வந்தாள். சுடுகிறதென்றும் பார்க்காமல் இரண்டு கையாலும் அந்த மீனைப் பழையபடி திருப்பி வைத்தாள். எங்களைத் திட்டவில்லை. விரலிலிருந்து சாறு வடிய, கடலைப் பார்த்து நின்றாள்.

பக்கத்துக் காப்பிக் கடைக்காரர்தான் மெதுவாக வந்து விளக்கினார். கடலுக்குப் போகிறவர்கள் குடும்பத்தில் தட்டில் இருக்கிற மீனைப் புரட்ட மாட்டார்களாம். புரட்டினால் படகு கவிழுமாம். இவருக்கு முகமே செத்துப்போயிற்று. அதன் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. "அங்கிள் வந்திருப்பாருல்ல?" என்று அவரைக் கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தேன். அடுத்த ஞாயிறு கோயிலுக்குக்கூடப் போகாமல், முறுக்கை வாங்கிக்கொண்டு நேரே படகுத்துறைக்குப் போனோம். வெயில் நன்றாக அடித்தது. முதலில் கண்ணில் பட்டது அந்தக் காப்பிக் கடைக்காரர்தான்.

"போட் சுடா பாலிக்?" படகு திரும்பிவிட்டதா என்று கேட்டார் இவர்.

"சுடா" என்றார் அவர். "சுடா பாலிக்."

அப்பாடா! இவர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியா? ஒரு வாரமா என்னக் கொன்னியே!" சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு காப்பிக்குச் சொன்னார். முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "மச்சா!" என்று ஆசோ கடைப் பக்கம் கத்தினார்.

காப்பிக் கடைக்காரர் ஊற்றுவதை நிறுத்தினார். பிறகு உள்ளங்கை மேலே தெரியும்படி ஒரு கையை நீட்டி, மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினார்.

ஆசோ அணைந்த அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையில் துக்கத்துக்குக் குத்திய கறுப்புத் துணி. இவர் போய்ப் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டாள்: "சாப்பிட்டாச்சா?" நான்தான் ஆச்சு என்றேன்.

நீங்கள் மீனைத் தொடுவதற்கு முன்னாலேயே படகு கவிழ்ந்திருக்கும் என்று எத்தனையோ தடவை அவரிடம் சொல்லிவிட்டேன். "இருக்கலாம்" என்பார். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றலும் அத்தோடு நின்றது.

படகுத்துறை இருந்த இடத்தில் இப்போது கொள்கலன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆசோ எங்கே போனாளோ, கேட்க ஆள் இல்லை. பந்திங் கிழவரும் இல்லை. சந்தையில் அப்பம் வாங்க ஆசைப்பட்டால் இவர் பேர் சொல்ல மாட்டார், விரலைத்தான் காட்டுவார். கடைக்காரன் ஊமை என்று நினைத்து ஒன்று கூடுதலாகப் போட்டுக் கொடுத்த கதையும் உண்டு. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தால்கூட வாசலோடு நிற்கும்.

போன வாரம் சாப்பிட்டு முடிந்ததும் மகள் கைப்பையை எடுத்தாள். "சரிப்பா, பாலிக் லா."

"வீட்டுக்குப் போலாம்னு சொல்லும்மா" என்றார்.

மேசையைத் துடைக்க வந்த பெண் மீன் தட்டைத் தூக்கினாள். தலையும் வாலும் மட்டுமே மிச்சம். அவள் கதவைத் தாண்டும்வரை, தட்டு சாயாமல் போகிறதா என்று இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.