கைலி போர்த்திய டிவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே, உங்கள் அப்பா பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த வயதில், செம்பனை மரங்களுக்கு நடுவே தனியாகச் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறேன், ஒருநாளும் எதுவும் என் பின்னால் ஏறி உட்கார்ந்ததில்லை. வேலையிடத்தில் யாராவது முனியைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால் நான் எழுந்து தேத்தண்ணி கலக்கப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். துர்கா, நீ அறிவியல் படிக்கிறவள், பாதியில் சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொண்டே படி, ஆனால் முழுதும் படி. போன வாரம் லோகன் தூசி விழுகிறதே என்று டிவி மேல் ஒரு துண்டைப் போட்டதற்கு அம்மா ஏன் அப்படிக் கத்தினார்கள் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணம் இதுதான்.

அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். இப்போது இருக்கும் இதே மாசாய் பிளாட்டில்தான் இருந்தோம். அம்மாவின் அண்ணன் குணா மாமாவும் நம்மோடுதான் இருந்தார். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்ட மனிதர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார். வந்ததும் குளித்து, கைலியைக் கட்டிக்கொண்டு, தலையணையைத் தரையில் போட்டுப் படுத்தபடி காற்பந்து பார்ப்பார். எனக்கு மச்சான் என்பதைவிடக் கூட்டாளி என்றுதான் சொல்லவேண்டும். நான் வேலை முடிந்து வர அவருக்குப் பிறகுதான் ஆகும், வந்ததும் நானும் பக்கத்தில் போய் விழுவேன். அவருடைய சிரிப்பு ஒரு தினுசு. ஆரம்பிக்கும்போது பெரிதாக வரும், முடியும்போது இருமலில் போய் முடியும்.

பழைய டிவியின் நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. பந்து அந்தக் கோட்டுக்குள் போனால் மறுபக்கம் வரும்வரை எங்கே என்று தெரியாது. கடைசியில் ஒருநாள் குணா மாமா எழுந்து சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இந்த அகலத்துக்கு ஒரு தட்டை டிவி வாங்கி இங்கேயே மாட்டிவிடுவோம் என்றார். அப்படியே என்னைப் பென்சில் எடுக்கச் சொல்லி இரண்டு விரல் நுனியிலும் சுவரில் கோடு போட வைத்தார்.

கடைக்குப் போனால் அங்கேயும் ஒவ்வொரு டிவி முன்னாலும் அதே மாதிரி கையை விரித்து நிற்கிறார். வருகிற போகிற ஆட்கள் எல்லாம் ஒதுங்கிப் போகிறார்கள். கடைக்காரச் சீனப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“காக்கா வெரட்டுற பொம்ம மாதிரி நிக்காத மச்சான், மானம் போவுது,” என்றேன்.

“நீ அளவு டேப் கொண்டு வந்தியா? இல்லல? அப்ப சும்மா இரு மாப்ள.”

எனக்குச் சின்னதே போதும் என்று தோன்றியது. பளபளவென்று பூவும் மீனும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பூவும் மீனும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம் என்று சொல்லி, அந்தப் பெண்ணிடம் காற்பந்து போடச் சொன்னார். வேகமாக உதைத்த பந்துக்குப் பின்னால் வால் முளைக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். பிறகு, நம்பினால் நம்புங்கள், கடைத் தரையிலேயே ஒருக்களித்துப் படுத்துவிட்டார். நாம் வீட்டில் படுத்துத்தானே பார்க்கிறோம், கீழே இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறதா என்று தெரியவேண்டாமா என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். வால் முளைக்காத, நிறம் வெளுக்காத ஒன்று கிடைத்தது. அது கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டித் தருகிறோம் என்றார்கள்.

அந்த வாரமே குணா மாமா போய்விட்டார். வேலை முடிந்து வரும்போது பாலத்தில், மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வராது.

தகனம் முடிந்து, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது கடை ஆட்கள் டிவியோடு வந்து நின்றார்கள். நான் சாமான் வாங்க வெளியே போயிருந்தேன். வீட்டில் இருந்த யாரோ, சொல்லி வைத்ததுதானே, மாட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களும் சுவரில் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்துச் சரியாக அங்கேயே மாட்டிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது பெரியவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் புதுச் சாமான் ஏற்றலாமா, தீட்டு கழியாமல் டிவி போடலாமா என்று ஆளுக்கு ஒன்று. நமக்கெல்லாம் தெரியும், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் டிவி, பாட்டு எதுவும் கூடாது. அதனால் கரண்ட் கொடுக்காமல், துணி போட்டு மூடி வைப்பது என்று முடிவானது. வெள்ளைத் துணி எல்லாம் சடங்குக்குப் போய்விட்டது. அம்மா தேடிப் பார்த்துவிட்டு, பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த குணா மாமாவின் கட்டம் போட்ட கைலியை எடுத்து வந்து டிவி மேல் போட்டார். அதை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அதுவரை யாரும் தொடாமல் இருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அந்த டிவியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அழவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“அண்ணன் ஆசப்பட்டு வாங்குனாரு. ஒரு நாளு கண்ணால பாக்கல. அவரு ஆசையோட போயிட்டாருங்க. காரியம் முடிஞ்சதும் இத கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க, எனக்கு வேணாம்.”

ஆசை தீராமல் போனவருக்கு அமைதி கிடைக்காது என்று அம்மா நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது, ஆனால் பக்கத்தில் ஒருத்தி உருகிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லி என்ன பயன். கடையில் கேட்டேன். பிளக்கை மாட்டாமல், எதையும் பிரிக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதனால் ரிமோட், பேட்டரி எல்லாம் ஒட்டின பிளாஸ்டிக்கோடு மேசை இழுப்பறைக்குள் கிடந்தன. ஒயரைக் கட்டியிருந்த கட்டுகூட அவிழவில்லை. இதை நான் என் கையால் தொட்டுப் பார்த்தவன், மறந்துவிடாதீர்கள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். இருட்டுகிற நேரத்தில், அண்ணன் வருகிற நேரம் என்பதால், அம்மாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. குணா மாமாவின் படத்துக்கு முன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த பிளாக்கில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடுவார். நான் திரும்பும்வரை நம் வீடு பூட்டித்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் அப்போது ஹாஜரா அக்கா இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். டிவி மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் தொழுகிற இடம். ஒருநாள் நான் படியேறி வரும்போது வழிமறித்து நின்றார்கள். முகம் சரியில்லை.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. உங்க துக்கத்துக்காக எங்க வூட்லயே நாங்க டிவி சத்தத்தக் கொறச்சு வச்சிருக்கோம். நீங்க என்னான்னா மக்ரிப் தொழுவுற நேரத்துல பந்தாட்டத்தப் போட்டு, இவ்ளோ சத்தமா சிரிக்கிறீங்க. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். குணா தம்பி போயி எத்தன நாளாச்சுன்னு இப்படி?”

நான் கதவைத் திறந்து அவர்களை உள்ளே கூட்டிப் போனேன். கைலியைக் காட்டினேன், தொங்குகிற பிளக்கைக் காட்டினேன். அக்கா அந்த ஒயரின் கட்டைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்கள்.

மேல்மாடியில் யாரோ போட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மேலேயும் கீழேயும் போய்க் கேட்டேன். மேல் வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது, கீழ் வீட்டு மலாய்க் குடும்பம் கம்போங்குக்கு, சொந்தக் கிராமத்துக்குப் போயிருந்தது. சரி, என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அம்மா உங்களைக் கூட்டிப் போன பிறகு, டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஹாஜரா அக்காவிடம், சத்தம் கேட்டால் போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

பாங்கு சொல்லி முடிந்தது. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தலைக்கு மேல் சுற்றுகிற காத்தாடிச் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவுதானா என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது போன் அடித்தது.

“இப்பக் கேக்குது தம்பி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. நான் முன்னாலயேதான் உக்காந்திருக்கேன்.”

அக்கா போனைச் சுவரோடு வைத்தார்கள் போல. முதலில் ஆட்கள் திரண்டு கத்துகிற இரைச்சல் வந்தது, வேகமாகப் பேசுகிற வர்ணனை வந்தது, என்ன மொழி என்று பிடிபடவில்லை. அதற்கு மேல் ஒரு சிரிப்பு வந்தது. பெரிதாக ஆரம்பித்தது, இருமலில் போய் முடிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு காதில் போன் வழியாக என் வீட்டுச் சத்தம், மறு காதில் காத்தாடி மட்டும். கைலி அசையவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்தச் சிரிப்பு. நான் டிவியைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

“நல்லா பாரு மச்சான். முழுசா பாத்துட்டுப் போ.”

போனில் இரைச்சல் இன்னும் கொஞ்சம் ஓடியது, பிறகு பட்டென்று போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. நான் திரும்ப அழைத்தேன், அக்கா எடுக்கவில்லை.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். நம்பமாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சிரிச்சாராங்க?”

“சிரிச்சாரு. இருமுனாரு.”

அப்போதுதான் அம்மா அழுதார். அழுது முடித்து, சோறு போட்டுத் தாருங்கள் என்றார். நான் போட்டுக் கொடுத்தேன், ரசம் ஊற்றி முழுதும் சாப்பிட்டார். டிவியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

காரியத்துக்கு வந்த அம்மாவின் சித்தப்பா அந்தக் கைலியைப் பார்த்ததும் திட்டினார். போனவருடைய துணியைப் போய் வீட்டுக்குள் விரித்துப் போடலாமா, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டதுபோல் ஆகாதா என்று கேட்டார். சாம்பலைக் கரைத்த கடற்கரைக்கே கொண்டுபோய் அதையும் தண்ணீரில் விட்டோம். அதற்குப் பிறகு அம்மா அந்த டிவி மேல் ஒரு கைக்குட்டைகூடப் படவிடுவதில்லை. சந்தனம் குங்குமத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து முதல்முறையாகப் பிளக்கை மாட்டினபோது, புது டிவி எப்படி வருமோ அப்படித்தான் வந்தது, எந்த மொழி வேண்டும், எந்த நாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அதற்கு முன் யாரும் அதைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. துர்கா, இதற்கு உன் பாடப் புத்தகத்தில் பதில் இருந்தால் எனக்குச் சொல். நான் கேட்டுக்கொள்வேன், கோபப்படமாட்டேன்.

அந்த டிவியோடு நாம் நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். நீங்கள் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்கிறீர்கள், அம்மா தொடர் பார்க்கிறார், நான் தரையில் படுத்துப் பந்து பார்க்கிறேன், அவர் சொன்ன மாதிரியே நிறம் வெளுப்பதில்லை. பயம் என்று எதுவும் எனக்கு இருந்ததில்லை. இந்த வருஷம் நோன்புப் பெருநாளைக்கு ஸ்கூடாயில் ஹாஜரா அக்காவின் மகள் வீட்டுக்குப் போனோமே, அதுவரை இருந்ததில்லை.

நீங்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அக்கா என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார்கள். அன்றைக்கு ஏன் போனை வைத்தீர்கள் என்று நானும் அப்போதுதான் கேட்டேன்.

“ரெண்டு பேரு சிரிச்சாங்க தம்பி. மொதல்லேருந்தே ரெண்டு பேருதான். அதனாலதான் உங்களத் தேடி வந்து சண்ட போட்டேன்.”

“இன்னொரு ஆளு யாருக்கா?”

அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

“நீங்கதான். அதுக்கு முந்தின நாள்லாம் நீங்க வூட்ல இல்லன்னு எனக்குப் பொறவுதான தெரியும். அன்னிக்குப் போன்ல நீங்க அழுவுறீங்க, செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்க சிரிக்கிறீங்க. எப்படி தம்பி நான் போனக் காதுல வச்சிருப்பேன்?”

நான் குணா மாமா ஒருத்தருடைய சிரிப்பைத்தான் கேட்டேன் என்றேன். அக்கா தலையை ஆட்டினார்கள்.

“உங்க சிரிப்பு மத்தவங்க காதுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியாதுல்ல.”

அம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் டிவி பார்த்தார் என்பது அவருக்குப் போதும், அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. நானும் பார்த்திருக்கிறேன் என்றால் சந்தோஷம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் படுத்துப் பந்து பார்க்கும்போது சிரிப்பு வந்தால், பாதியிலேயே வாயை மூடிக்கொண்டு, என் சிரிப்பு அங்கேயும் நின்றதா என்று சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.