தட்டில் மூன்று குவியல்

எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டு எடுப்பதா, சீட்டி எடுப்பதா என்பதை அரபு நாட்டுக்காரர்கள்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் காப்பியில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் குடிப்பவர்கள். அந்தக் காய் போடிமெட்டுக்கு மேலே விளைந்து, போடி கடைவீதிச் சரக்குக் கிட்டங்கிகளில் தரம் பிரிக்கப்பட்டு, பம்பாய் போய்க் கப்பல் ஏறியது. பாலைவனத்தில் காப்பி குடிக்க ஆள் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை என்பது என் தாய்மாமாவின் நம்பிக்கை. ஊரில் அநேகமாக எல்லோருடைய நம்பிக்கையும் அதுதான். அந்த அரபியை யாரும் பார்த்ததில்லை.

மாமாவுக்கு மெட்டுக்கு மேலே சிறிய தோட்டம் இருந்தது. கீழே, எங்கள் வீட்டை ஒட்டி அவருடைய கிட்டங்கி. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் காயைப் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ளுவார்கள். அவர்கள் சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாசனை ஏறியிருக்கும். "எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பும் பாயசமாட்டந்தான் மணக்கும்" என்று அவர்களில் ஒருத்தி சொல்வாள்.

மாமாவுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று குவியல் காய் வைப்பார். ஒன்று அவர் தோட்டத்துக் காய், மற்றவை பக்கத்துத் தோட்டங்களுடையவை. நம்முடையது எது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கடையிலிருந்து ஒரு கலர் சோடா பாட்டில் வரும். கண்டுபிடிக்கும் வழி எளிது. தோட்டத்தில் காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அங்கே சூடு சற்றுக் கூடினாலும் காயின் பச்சை போய்விடும். மாமா ஆளை நம்பாமல் அடுப்பின் பக்கத்தில் தானே உட்கார்ந்திருப்பார். ஆகவே எது அதிகப் பச்சையோ அதுதான் மாமாவின் காய். நான் தோற்றதே இல்லை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் அவர்கள் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். அதுவும் வியாபாரத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது காய் குறைந்து விலை ஏறியது. பிறகு மழை வந்தது, காயும் வந்தது. விலை இறங்கத் தொடங்கியது. மாமா விற்கவில்லை. அந்தப் பருவத்துக் காய் முழுவதையும் கறுப்புப் பாலிதீன் உறை போட்ட மூட்டைகளில் கட்டி வைத்தார். வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்று கிட்டங்கிச் சன்னல்களைச் சாக்கால் மறைத்தார். பொறுக்கும் வேலை நின்றது. அந்தப் பெண்கள் பருத்திக் காட்டுக்குப் போனார்கள்.

அம்மா ஒரு நாள் அவரிடம் போய் நின்றாள். "பாதியவாவது தள்ளிவிடுங்கண்ணே. தோட்டத்துல களையெடுக்க ஆள் இல்ல. இந்த வருசம் விட்டா தோட்டமே இல்ல."

"அரபி காப்பிய நிப்பாட்டிட்டானா? இல்லேல்ல. அப்ப வருவான். இத விட்டா எங்கன போவான்?"

மாதங்கள் போயின. அவன் வரவில்லை. பம்பாய் போயிருந்த உள்ளூர்த் தரகர் ஒருவர்தான் வந்தார். ஏற்றுமதி ஆபீஸ்களில் நம் காயைக் கையில் வாங்கிப் பார்க்கவே ஆள் இல்லை என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மாமா அவரை மேலே பேசவிடவில்லை. நம்ம பிள்ளையே சொல்லிவிடும் என்று என்னைக் கூப்பிட்டார். தட்டு வந்தது. மூட்டையைப் பிரித்து ஒரு கை, பக்கத்துத் தோட்டத்துக் காயில் ஒரு கை, தரகரின் பொட்டலம் என மூன்று குவியல்கள்.

"ஆத்தா, நம்ம காய் எது?"

ஒரு குவியல் நல்ல பருமனாக, கரும்பச்சையாக இருந்தது. மற்ற இரண்டும் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. யோசிக்க ஒன்றுமில்லை. விரலை வைத்தேன்.

தரகர் தரையைப் பார்த்தார்.

"அவசரப்படாத. மோந்து பாத்துச் சொல்லு" என்றார் மாமா.

முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் அதையே தொட்டேன். "இதுதான் மாமா. இதுல என்ன சந்தேகம்?"

"அது குவாத்தமாலாக் காய்ண்ணே" என்றார் தரகர், மெதுவாக. "அமெரிக்கா பக்கம் ஏதோ ஒரு தேசமாம். அரபுக்குக் கப்பல் கப்பலா இப்ப அதான் எறங்குதுன்னு பம்பாய்ல சொன்னாக."

"அங்கன யாரு ஏலக்காய் திங்கிறா?"

"ஒருத்தரும் திங்கிறதில்லையாம். விக்கிறதுக்குன்னே போடுறாகளாம்."

மாமா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். கலர் வரவில்லை. விருந்தாளி இருந்ததால் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாட்களில் மாமா ஜீப்பில் மெட்டுக்கு ஏறினார். தோட்டத்து ஸ்டோரிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். வீட்டில் இடம் போதாமல் கிட்டங்கியில் கிடத்தினார்கள். காற்றுக்காக யாரோ சன்னல் சாக்குகளைக் கிழித்துவிட்டார்கள். பருத்திக் காட்டிலிருந்து வந்த பெண்கள், தாங்கள் வழக்கமாகக் காய் பொறுக்கும் இடத்திலேயே வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள்.

மாமா எனக்கு ஒரு கலர் தர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அதற்குள் அத்தை காதில் விழுந்துவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் குடுங்க" என்றாள், தலையைத் தூக்காமல். யாரோ போய் வாங்கி வந்தார்கள். நான் குடித்தேன்.

பிற்பாடு நான் பத்திரிகை வேலைக்குப் போய், வணிகப் பக்கத்துக்காக எதையோ தேடியபோது குவாத்தமாலா ஏலக்காயின் பூர்வீகம் கண்ணில் பட்டது. அந்தச் செடி அங்கே இயற்கையாக முளைத்ததல்ல. மாமா பிறப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்து மலைகளிலிருந்து யாரோ விதை கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே பாய்மரக் கப்பல்கள் இங்கிருந்து காயை ஏற்றிப் போய் அரபியின் நாக்கைப் பழக்கியிருந்தன. அன்று நான் தொட்டதும் ஒரு வகையில் நம் காய்தான். அதைச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் மூட்டைகள் விலை போயிருக்காது.

அன்று மாமா இரண்டாம் முறை கேட்டபோது, பேசிக்கொண்டே தட்டை என் பக்கமாக மெல்லத் திருப்பினார். அவருடைய வெளுத்த குவியல் என் விரலுக்கு நேராக வந்து நின்றது. இடம் மாற்றினால் ஏமாறுவேனா என்று பார்க்கிறார் என நினைத்தேன். நானா ஏமாறுவேன்? கையை நன்றாக நீட்டி, தட்டின் மறுகோடியில் இருந்ததைத் தொட்டேன்.