ஒரே பக்கத்தில் இரண்டு தகடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வடிவமைப்பு பார்க்கும் பிரஸ் ஷாப்பில், பளு தூக்கும் ஹாய்ஸ்ட்டின் கொக்கி குறுக்கே செருகிய உருண்டைக் கம்பியான ஒரு பின்னில் தொங்கும். பின்னின் இரு முனைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள் தாங்கும். சென்ற வாரம் அதில் ஒன்று விரிசல் விட்டது. முதலாளி பழுது பார்க்கும் பிட்டரைப் போனில் அழைத்து, "டபுள் பிளேட் போட்டுடு" என்று சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது பிரஸ்ஸில் மாட்டி உலோகத்தை அழுத்தும் இரண்டு டன் அச்சான டை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கடியில் பிட்டர் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. வழக்கம்போல் மேலே பார்த்தேன். புதுத் தகடுகள் இரண்டும் மஞ்சள் பெயின்ட் பூசி அழகாக இருந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் வெல்டிங் செய்திருந்தார். பின்னின் மறுமுனைக்குப் பிடிமானமே இல்லை.

கொக்கிக் கம்பியைப் பற்றிக் கவலையில்லை. அது நேராக இழுபடுகிறது. எடையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வரும் நேர்த் தகைவு சொற்பம். பின் அப்படியல்ல. எடை அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கிறது. இரு பக்கமும் தகடு இருந்தால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் பாதி எடைதான். எங்கள் பதினாறு மில்லிமீட்டர் பின்னுக்கு அப்போது வெட்டுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு நாற்பத்தொன்பது நியூட்டன். நாங்கள் அனுமதிப்பது அறுபது. ஒரு பக்கம் மட்டும் என்றால் தொண்ணூற்றெட்டு. பின் வளைவதால் வருவதை இன்னும் கூட்டவில்லை. கூட்டிக்கொண்டு நிற்க எனக்குத் துணிவில்லை.

"வெளியே வாங்க, சீக்கிரம்!"

"இரு சார், தொடச்சுகினு கீறேன்ல."

"டை விழுந்துடும்!"

அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "காலங்காத்தால இன்னா சார் சாவு சேதி சொல்ற? நான் அடிச்ச டபுள் பிளேட்டு. யானையக் கட்டித் தொங்க வுடு, தாங்கும்."

"பிளேட் தாங்கும். பின் தாங்காது. ரெண்டையும் ஒரே பக்கம் போட்டிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. தவழ்ந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"டபுள்னா ஒண்ணு மேல ஒண்ணு இல்லியா?"

இனி இறக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கும். அந்தக் குலுக்கலும் பின்னுக்குச் சுமைதான். எல்லாரையும் விலக்கிவிட்டுப் பிட்டர் பொத்தானை அழுத்தினார். மேலே 'டக்' என்றது. டை மெதுவாக இறங்கி மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்தது.

பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. தகடு முடியும் இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டியது. வெட்டு தொடங்கியிருந்தது.

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுந்துடலயே? புதுப் பின் போடுங்க. மத்தியானம் டை பிரஸ்ல ஏறணும். பிளேட்டை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"நா அடில போ மாட்டேன் மொதலாளி" என்றார் பிட்டர்.

"நீ போகலன்னா காண்ட்ராக்ட்ல ஆளா இல்ல?"

ஹாய்ஸ்ட்டின் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது ஆபீஸ் அறைக் கண்ணாடி வழியே பார்த்தேன். சுவிட்சுப் பெட்டியின் முன்னால் முதலாளியும், கையில் ஸ்க்ரூடிரைவரோடு எலக்ட்ரீஷியனும் நின்றிருந்தார்கள். டைக்குப் பக்கத்தில், நான் அதுவரை பார்த்திராத ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

டிபன் டப்பாவை மூடாமலே எழுந்து ஓடினேன்.