ஆளும் தன்மையும்

நண்பன் சாமுவேலின் அம்மா அடக்கத்துக்காக மதுரையிலிருந்து தாராவி வந்திருக்கிறேன். சின்னக் கோயிலுக்குள் ஆராதனை நடக்கிறது. எதிரே, தோல்பைக் கடையின் தகரக் கூரைக்கடியில் சாமுவேலின் தம்பி தேவா மழைக்கு ஒதுங்கி நிற்கிறான்.

நான் ரோட்டைக் கடந்து அவனிடம் போகிறேன். "உள்ளே வா, தேவா."

"எப்படிண்ணே? கடவுள் பிதா, குமாரன், ஆவின்னு மூணு ஆளுன்னு இங்க சொல்லுதாங்க. எங்க சபைல கடவுள் ஒரே ஆளுதான். இதுக்குத்தான அண்ணன் எங்கூடப் பேசுறதையே விட்டுட்டான்."

நான் வேதாகமக் கல்லூரியில் சபை வரலாறு நடத்துபவன். வாய் சும்மா இருக்கவில்லை. கிரேக்கத்தில் 'ஊசியா' என்றால் தன்மை, 'ஹுபோஸ்டாசிஸ்' என்றால் ஆள்; கடவுளுக்குத் தன்மை ஒன்று, ஆள் மூன்று என்கிறேன். ஆதியில் பலர் இரண்டையும் ஒரே அர்த்தத்தில்தான் சொன்னார்கள், அந்த வித்தியாசம் தெளிவாவதற்குள் சபைகள் ஒன்றையொன்று சபித்துக்கொண்டன என்கிறேன்.

தேவா கவனமாகக் கேட்கிறான். "அப்ப நாங்களும் வார்த்தைக்குத்தான் சண்ட போடுதோமாண்ணே?"

நான் வாய் திறக்கும்போது கோயிலுக்குள் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்கிறது. தேவா ரோட்டைக் கடந்து ஓடுகிறான். பின்னாலேயே போகிறேன்.

வாசலில் சாமுவேல், தம்பியைப் பார்க்காமலே, "மூடியாச்சு" என்கிறான்.

"அம்மா மொகத்த ஒரு தடவ காட்டுண்ணே."

சாமுவேல் உள்ளே திரும்பி, குனிந்து, மற்ற மூவரோடு பெட்டியைத் தோளில் ஏற்றுகிறான். தூக்கியவர்கள் யாரும் நிற்கவில்லை. பெட்டி எங்கள் இருவரையும் கடந்து மழைக்குள் போகிறது.