மாமாவின் மார்பளவு

எங்கள் வீட்டில் ‘ஆரம்ப சூரன்’ என்றால் அது அம்மாவின் தம்பியை, அதாவது என் மாமாவைக் குறிக்கும். பட்டம் கொடுத்தவர் அப்பா. அதற்கு ஆதாரங்களும் வைத்திருந்தார்: அலமாரிக்கு மேலே தந்தி அறுந்து கிடந்த கித்தார், ஒரே மாதம் உடுத்திய கராத்தே உடுப்பு, முதல் பாடத்தோடு நின்றுபோன ஜப்பான் மொழிப் புத்தகம். மாமா எதையும் அரைமனதாகத் தொடங்கமாட்டார். முழுமனதாகத் தொடங்கி, அதைவிட முழுமனதாக விட்டுவிடுவார்.

மலேசியாவின் கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய ஒரு பலகை வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தார். முன்னறை முழுக்க அவருடையதுதான். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு குண்டூசி நம்மை எழுப்பிவிடும். தாத்தா ரப்பர் தோட்டத்தில் இறந்த பிறகு மாமாவை அம்மாதான் வளர்த்தார். ‘உங்க அம்மா கல்யாணச் சீரோட வந்த ஒரே உருப்படி’ என்று அப்பா மாமாவின் காதில் விழும்படியே சொல்வார். மாமா வீடியோ கேசட் வாடகைக் கடையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்து படம் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாமாவுக்கு பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், சேரவேண்டும். சிறுவயதில் தோட்டத்து லயத்தில் தீப்பிடித்தபோது, சிவப்பு லோரியிலிருந்து குதித்து இறங்கியவர்களைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா தைத்துக் கொடுத்த புதுச்சட்டையோடு கிளம்பினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிட்டார்.

“ஓடக்கூடச் சொல்லலக்கா. டேப்ப சுத்துனான், தலைய ஆட்டுனான், அடுத்த ஆளக் கூப்பிட்டான்.”

உயரம் சரியாக இருந்ததாம். மார்பளவுதான் கொஞ்சம் போதவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி எடுப்பார்கள். அதையும் விட்டால் வயது கடந்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க கேசட்டுதான். அன்று அப்பாகூடக் கேலி செய்யவில்லை.

மறுநாளே மாமா இரண்டு பால்மாவு டின்களில் சிமெண்டு குழைத்து நிரப்பினார். அடுத்த வீட்டுச் சீனரை ‘தவுக்கே’, முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம்; கார் பழுதுபார்ப்பவர். அவரிடம் ஓர் இரும்புக் குழாய் வாங்கிக் குத்திக் காயவைத்தார். ஒரு டின் பெரியது, ஒன்று சிறியது என்பது சிமெண்டு இறுகிய பிறகுதான் தெரிந்தது. தூக்கினால் மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் மாட்டிய வாழைமரம் போல நின்றார். தவுக்கே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இருவருமாகச் சின்ன டின்னில் ஒரு கல்லைக் கட்டிச் சமாளித்தார்கள்.

முதல் நாள் மாமா விட்ட மூச்சுச் சத்தத்தில் வீடே ஆடியது. விடிந்ததும் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க மாமாவுக்குத் தலைவாரிவிட்டது நான்தான். நடுவகிடு எடுத்தேன். அப்படியே கடைக்குப் போனார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அளந்து பார்ப்பதென்று ஏற்பாடு. மாமா சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார். அம்மா முன்னால் நின்று நாடாவை இறுக்கிப் பிடிப்பார். மாமா குனிந்து எண்ணைப் பார்ப்பார். முதல் ஞாயிறு ஏறவில்லை. அடுத்ததும் ஏறவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதே எண்ணில் நின்றபோது, மாமா அந்தக் குழாயை உருட்டிக் கொண்டுபோய் வீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“நம்ம ஒடம்பு வாகு அவ்வளவுதான்க்கா. சரிப்படாது லா.”

அப்பா அலமாரியின் மேலே பார்த்துவிட்டு, “இரும்ப அங்க வைக்க முடியாதே” என்றார். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அப்பா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அம்மா தானாகவே கூப்பிட்டார். “சும்மா அளந்து பாக்கலாம், வாடா. திரும்பி நில்லு. முன்னால நின்னா நீ வயித்த எக்குறே.” முதுகுப் பக்கம் நின்று நாடாவைச் சுற்றிச் சேர்த்தார். எனக்கு நேராக இருந்தது அம்மாவின் கை. நாடாவுக்கும் மாமாவின் முதுகெலும்புக்கும் நடுவில் அம்மாவின் ஆள்காட்டி விரல் இருந்தது.

“அரை இஞ்சு ஏறியிருக்குடா!” என்றார் அம்மா.

மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய்க் குழாயை இழுத்து வந்தார்.

மாமா குளிக்கப் போனதும் நான் கேட்டேன். விரல் விட்டு அளந்தால் எப்படி என்று. அம்மாவுக்கு முகம் ஒரு கணம் மாறியது. “சட்டைக்கு அளக்குறப்ப விரல் விடாம அளந்தா துணி ஒடம்பப் புடிக்கும் பாப்பா. எனக்கு அதான் பழக்கம்” என்றார். உண்மைதான். எல்லாருக்கும் அம்மா அப்படித்தான் அளப்பார். நானும் திருப்தியாகிவிட்டேன். சில வாரம் கழித்து இரண்டு விரல் போனபோதும் எனக்கு அது விசேஷமாகத் தெரியவில்லை. மாமாவுக்கு மேலும் அரை இஞ்சு ஏறியிருந்தது. நான் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த மாமா வேறு ஆள். இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மூச்சிரைப்பு, உறுமல், கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்ப்பது எல்லாம் போய்விட்டன. காலையில் எழுந்து திடலைச் சுற்றி மெதுவாக ஓடிவிட்டு வருவார். குழாயைத் தூக்கி இறக்குவார். குளித்துவிட்டுக் கடைக்குப் போவார். மழை பெய்தால் சமையலறையில் தூக்குவார். காய்ச்சல் வந்தால் ஓய்வெடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எண் ஏறாத வாரம் முகம் தொங்காது. பல் தேய்ப்பதைப் பற்றி யாராவது பெருமை பேசுவார்களா? அப்படித்தான் அவருக்கும் அது ஆகிப்போனது. அப்பாகூட ‘அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க’ என்று தவுக்கேயிடம் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். தவுக்கே அம்மியைக் கண்டாரா, அடியைக் கண்டாரா, தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மாதான் நிம்மதியில்லாமல் இருந்தார். ஆள் எடுக்கும் நாள் நெருங்க நெருங்கத் தையல் கோணியது. இரவுச் சோற்றில் மாமாவுக்கு மட்டும் மீன் இரண்டு துண்டு விழுந்தது. “அங்க எப்படி அளப்பாங்க? இறுக்கித்தான் பிடிப்பாங்களா?” என்று அப்பாவிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். மாமா மறுபடி தலை குனிந்து வந்து நிற்பார் என்று பயந்தார். அந்தத் தலைகுனிவுக்குத் தானே காரணமாகிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரியது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு. அம்மா மாமாவின் முதுகுப் பக்கம் நின்று நாடாவைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். இரண்டு கையாலும் நாடாவின் முனைகளை இறுக்கிப் பிடித்து, எண்ணுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்றால், மாமா “என்னக்கா?” என்று கேட்கும் வரைக்கும்.

“போன வார அளவுதான்டா” என்றார் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

“பரவால்லக்கா” என்றார் மாமா. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நானோ, இத்தனை பாடுபட்டும் ஓர் இழைகூட ஏறவில்லை, அம்மாவே அழுகிறார், மாமா பாவம் வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்த நாடாவைக் கத்தரித்துப் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

மாமா தேர்வானார். டேப்பைச் சுற்றியவர் தலையை ஆட்டாமல் எழுதிக்கொண்டாராம். சிவப்பு லோரியில் ஏறி, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை.

போன தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நானும் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, விரல் விட்டு அளப்பது என்னவென்று நன்றாகவே தெரியும். ஏதோ பெரிய ரகசியத்தை உடைப்பதுபோல, “மாமா, ஒங்களுக்குத் தெரியாது, அந்த அரை இஞ்சு அம்மா விரலு” என்றேன்.

மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தார். “தெரியாமயா? அக்கா விரலு, ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போனது லா. வெறும் முதுகுல பட்டா ஒடனே தெரியுமே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா எடுத்துருவாங்க. எடுத்தா நம்பர் எறங்கிரும். அக்கா பொய் சொன்னவங்களா ஆயிருவாங்க.” மடியில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார். “அது வரைக்கும் ஒரு தடவகூடப் பொய் சொல்லாதவங்க பாப்பா. அந்த விரலு வெளிய வந்தாத்தான் விடுறதுன்னு தூக்குனேன்.”

ஆக, அந்த முன்னறையில் அன்று இருந்த மூன்று பேரில் ஏமாந்தது நான் ஒருத்திதான். அம்மாவின் இரண்டு கையும் நாடாவின் முனைகளில் இருந்ததை, ஒரு விரல்கூட உள்ளே இல்லாததை நான் என் கண்ணால் பார்த்தேன். விரலை எடுத்தும் எண் இறங்கவில்லை என்பது தோன்றவில்லை, எண் ஏறவில்லை என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

அந்த ஞாயிறு அப்பா பாசாரிலிருந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வந்தார். பொட்டலத்தில் இருக்கும் அரை முட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, கடைசியில் சாப்பிடுவதற்காக ஓரத்தில் ஒதுக்கி வைப்பேன். அன்று அதை எடுத்து மாமாவின் இலையில் வைத்து, “கவலப்படாதீங்க மாமா, அடுத்த வாரம் ஏறிடும்” என்றேன். மாமா அடுப்படி வாசலில் நின்ற அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு ஆறுதல் பெறுபவர் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, அந்த அரை முட்டையை மெதுவாகச் சாப்பிட்டார்.